உண்கலமும் உணவகமும்

நெடுநல்வாடையில் கூதிர்க்காலக் குளிரைக் காட்டவந்த நக்கீரர், இரண்டு மட்கலங்களை அடுத்தடுத்து வைக்கின்றார். ஒன்று கன்னல், வாய் குவிந்தது, குளிர்ந்த நீரைக் கொண்டது, அதனை அந்நாளில் நாடுவார் இலர். மற்றொன்று தடவு, வாய் அகன்றது, நெருப்பைக் கொண்டது, மாந்தர் அதனைச் சூழ்ந்திருக்கின்றனர். குவிந்த வாய் நீரின் தண்மையைக் காக்கும். அகன்ற வாய் தீயின் வெம்மையைப் பலர்க்கும் பகிர்ந்தளிக்கும். கலத்தின் பெயரைச் சொன்ன புலவர் அதன் வாயையும் சேர்த்துச் சொன்னது வெறும் அடைமொழிக்காக அன்று. கலம் இன்ன தொழிலுக்கு உரியது என்பதை அதன் வடிவே சொல்லிவிடும் என்பது அவர் கருத்து.

வடிவத்தைத் தொழிலோடு வைத்து நோக்கும் இந்தப் பார்வை, இன்று உணவகத்தார்க்கும் மதுக்கூடத்தார்க்கும் மிகுதியும் வேண்டப்படுவதாகும். பிற உணவகங்களில் காணாத தட்டு, கிண்ணம், கோப்பை முதலியவற்றைத் தமக்கென வரைவித்துச் சூளையில் சுடுவித்துக்கொள்ளும் வழக்கம் உலகெங்கும் பரவி வருகின்றது. அவ்வாறு செய்விக்கும் கலங்களை எவ்வகையால் மதிப்பிடுவது? புதுமையாலா, அழகாலா, விலையாலா? நூலொன்றைத் திறனாயும் முறையிலேயே கலத்தையும் திறனாய இயலும் என்பதும், அவ்வாறு ஆயுமிடத்துத் தமிழர் உணவுக்கெனச் செய்யப்படும் கலங்களுட் பல தேர்வில் தோற்பன என்பதும் இங்குக் காட்டப்படும்.

கலஞ்செய்வோனுக்கு இட்ட கட்டளை

ஒருவர் தம் தேவையைச் சொல்லிக் கலம் செய்விப்பது தமிழிலக்கியத்துக்குப் புதிதன்று. புறநானூற்றில் குயவனை விளித்துக் கூறும் பாட்டுகள் உள. அவற்றுள் 228-ஆம் பாட்டு, கிள்ளிவளவன் மறைந்தபோது ஐயூர் முடவனார் பாடியது. அத்துணைப் பெரும்புகழ் கொண்டவனுக்கு ஏற்ற தாழி வேண்டுமாயின் நிலவுலகையே திகிரியாகவும் மேருவையே மண்ணாகவும் கொள்ளவேண்டுமே, உன்னால் ஆகுமோ என்று புலவர் வினவுகின்றார். 256-ஆம் பாட்டின் ஆசிரியர் பெயர் தெரிந்திலது. கணவனை இழந்த ஒருத்தி, வண்டிச் சக்கரத்தின் ஆரத்தைப் பற்றிய சிறுபல்லிபோல் அவனோடு வந்தவள் தான் என்றும், ஆதலின் தாழியைத் தனக்கும் இடமிருக்குமாறு அகலமாக வனைக என்றும் குயவனை வேண்டுகின்றாள்.

ஈமத்தாழியை உண்கலத்தோடு ஒருங்கு வைத்து எண்ணுதல் சிலர்க்குக் கூச்சம் தரலாம். ஆயினும் இங்கு நோக்கத்தக்கது முறையே ஆகும். முதற்பாட்டில் புகழின் அளவு தாழிக்கு அளவாகின்றது. அப்படியொரு தாழியை எக்குயவனாலும் வனைய இயலாது. புலவரும் அதனை உணர்ந்தே பாடுகின்றார். இரண்டாம் பாட்டிலோ அளவு தெளிவானது. உள்ளே இருக்கப்போவோர் இருவர். ஆதலால் அகலம் வேண்டும். குயவன் கேட்டவுடனே கையால் அளந்துகொள்ளலாம். செய்விப்போன் இடும் கட்டளைகளும் இவ்விருவகைப்படும். பெருமையைக் கருதி இடுவது ஒன்று. கலத்துள் இருக்கவேண்டியதைக் கருதி இடுவது மற்றொன்று. இன்றைய உணவகக் கலங்களின் குறைகள் பலவும், இரண்டாவதை மறந்து முதலாவதைக் கைக்கொண்டதனால் விளைந்தவையே.

மாசாயில் மூவகை உண்கலம்

ஜோகூர் பாருவுக்கும் பாசிர் கூடாங்குக்கும் இடையே அமைந்த ஊர் மாசாய். முன்பு தோட்டப்புறமாக விளங்கிய இவ்வட்டாரம், 1977-இல் பாசிர் கூடாங்கில் துறைமுகம் திறக்கப்பட்டுத் தொழிற்பேட்டையும் வளர்ந்தபின் நகர்ப்புறமாயிற்று. தமிழ்ப்பள்ளியும் தமிழர் உணவகங்களும் உடைய இதுபோன்ற ஊர்களில் உண்கலங்கள் மூவகையாகக் காணப்படும். முதலாவது வாழையிலை. இரண்டாவது இலைபோல் பச்சை வண்ணமும் நரம்பும் இட்டு மெலமைனில் வார்த்த தட்டு. மூன்றாவது, அகன்ற விளிம்புடைய வெள்ளைப் பீங்கான் தட்டு.

இலையின் சிறப்பு அதன் பச்சை நிறத்தில் மட்டும் இல்லை. அதில் ஓர் ஒழுங்கு உண்டு. நுனி உண்பவரின் இடப்புறம் இருக்கும், நடுநரம்புக்கு மேலே உப்பும் ஊறுகாயும் கறிவகைகளும், கீழே சோறு. இலைக்குச் சுவர் கிடையாது. குழம்பு ஓடாதிருக்கச் சோற்றிலேயே குழி செய்து, சோற்றையே கரையாக்கி, உண்பவர் தம் விரலால் ஒரு கலத்தை அவ்வப்போது அமைத்துக்கொள்கின்றார். இலை ஒரு களம். கலத்தை ஆக்குவது உண்பவரின் கை. உண்டு முடிந்ததும் மடித்து எறியப்படுவதால் கழுவும் வேலையும் இல்லை.

இலைத்தட்டைச் செய்தவர் இவற்றுள் எதனை எடுத்துக்கொண்டார்? நிறத்தையும் நரம்பையும் மட்டுமே. புடைத்து நிற்கும் நரம்பில் பருக்கைகள் சிக்கும். வழித்து உண்ண முனையும் விரலுக்கு அது தடையாகும். மடித்து எறியவும் இயலாது, கழுவியே ஆகவேண்டும். மிக்க சூடும் புளிப்பும் சேருமிடத்து மெலமைனிலிருந்து வேதிப்பொருள் சிறிது கரைந்து உணவில் கலப்பதும் உண்டு. மூலநூலின் கருத்தை விட்டுவிட்டு அதன் அட்டையை மட்டும் பெயர்த்தெழுதிய மொழிபெயர்ப்புக்கு இதனை ஒப்பிடலாம்.

அகன்ற விளிம்புடைய வெள்ளைத் தட்டின் குறை வேறுவகையது. அது நன்கு செய்யப்பட்ட கலமே. ஆனால் கத்திக்கும் முள்கரண்டிக்கும் செய்யப்பட்டது. வெட்டியெடுக்கும் உணவு நடுவில் இருக்க, விளிம்பு வெறுமையாய் ஒரு சட்டம்போல் நிற்கும். கையால் உண்பவரோ சோற்றை விரல்நுனியால் கூட்டிக் கட்டைவிரலால் தள்ளுவார். அவ்வாறு தள்ளும் சோறு சாய்ந்த விளிம்பில் ஏறி மேசையில் விழும். அவர் கையிலும் குறையில்லை, தட்டிலும் குறையில்லை. இரண்டையும் சேர்த்துவைத்தவரிடமே குறை உளது. விலை மிக்க தட்டுகளை வாங்கி அடுக்கிய உணவகங்களிலும் வாடிக்கையாளர் கரண்டி கேட்கின்றனர் என்றால், அது நாகரிகத்தால் மட்டும் நேர்ந்ததாகாது. தட்டின் வடிவமும் அவரை அவ்வாறு கேட்கத் தூண்டுகின்றது. உண்ணும் முறையொன்று இவ்வாறு ஓசையின்றி மாறிப்போவதே இதிலுள்ள இழப்பு.

இல்லங்களில் வழங்கும் எவர்சில்வர் தட்டைக் காண்க. அதன் ஓரம் குட்டையாகவும் ஏறக்குறைய நிமிர்ந்தும் நிற்கும். தள்ளும் சோறு அதில் தங்கித் திரளும். பீங்கானில் செய்விப்போர்க்கு இதுவே பின்பற்றத்தக்க பாடம். அகன்ற விளிம்பை நீக்கி, அடி அகன்று, ஓரம் மட்டும் விரைந்து மேலெழும் வட்டில் ஒன்றை வரைவது வடிவமைப்பாளர் எவர்க்கும் அரிதன்று. கையால் உண்பவர் ஒருவரின் அருகில் அமர்ந்து பாராமல் வரைவதே அரிது.

தோட்டம் அறிந்த கலம்

ஜோகூர்த் தமிழர் தம் தொழிலுக்கெனவே செய்யப்பட்ட பீங்கான் கலமொன்றை நெடுங்காலம் கையாண்டவர். ரப்பர்ப் பாலை ஏந்திய ‘மங்கு’ அது. ‘மங்கோக்’ என்னும் மலாய்ச் சொல்லே தோட்டத் தமிழில் மங்கு ஆயிற்று. தொடக்கத்தில் தேங்காய்ச் சிரட்டையும் தகரக் குவளையும் பயன்பட்டன. பின்னர் மெருகுப் பூச்சிட்ட மட்கோப்பைகள் அவற்றின் இடத்தைப் பிடித்தன. சிங்கப்பூரின் சூளைகள் இக்கோப்பைகளைத் தோட்டங்களுக்கெனப் பெருந்தொகையில் சுட்டுத் தந்தன. மேட்டுச் சரிவில் நீண்டு கிடப்பதனால் ‘டிராகன் சூளை’ எனப்பட்ட அவற்றுள், ஜூரோங்கில் 1940-இல் கட்டப்பட்ட தௌ குவாங் சூளை இன்றும் உளது. ஜோகூரின் உட்பகுதியில் ஆயர் ஈத்தாம், மாச்சாப் வட்டாரமும் மட்கலத் தொழிலுக்குப் பெயர்பெற்றது.

மங்கில் வீண் பகுதி யாதும் இல்லை. உட்புறம் வழவழப்பாக இருப்பதால் உறைந்த பால் பிசிறின்றிக் கழன்று வரும். அரைக்கோள வடிவினதாதலால் மூலையில் பால் தேங்காது. ஒரே விரல்வீச்சில் வழித்துவிடலாம். மரத்தில் கட்டிய கம்பி வளையத்தில் அமரவேண்டியது ஆகையால், வளையத்தின் அளவே அதன் அளவு. இருட்டோடு எழுந்து மரந்தோறும் விரைந்து செல்லும் தொழிலாளியின் கைக்கு அது பழகியிருந்தது. அழகுக்காக ஒருவரும் அதனை வரையவில்லை. ஆயினும் இன்று அரும்பொருள் திரட்டுவோர் அதனை விரும்பி வாங்குகின்றனர். பால், கை, மரம் ஆகிய மூன்றையும் அறிந்து செய்த கலம் தானே அழகுற்றது. இதனை நினைவுச் சின்னமாக உணவகத்துச் சுவரில் மாட்டுவதைவிட, இதன் நெறியை உணவகத்து மேசைக்குக் கொண்டுவருதல் சிறப்பாகும்.

மஞ்சளும் புளியும்

வடிவத்தை அடுத்து ஆராயத்தக்கது பொருள். மட்கலம், கல்மண் கலம், பீங்கான் எனச் சுடுமண் கலங்களை மூவகையாகப் பகுக்கலாம். எளிய மட்கலம் குறைந்த வெப்பத்தில் வேவது, நீரை உறிஞ்சும். கல்மண் கலம் 1200 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட வெப்பத்தில் வெந்து கல்போல் இறுகுவது. பீங்கான் வெண்களிமண்ணால் ஆகி, அதனினும் மிக்க வெப்பத்தில் வெந்து, மெல்லிய இடத்தில் ஒளி ஊடுருவுமாறு அமைவது.

தமிழர் உணவு இக்கலங்களுக்கு இரண்டு தேர்வுகளை வைக்கின்றது. முதற்றேர்வு மஞ்சள். இன்று உணவகங்களில் விரும்பப்படும் மங்கலான, சொரசொரப்பான பூச்சு கண்ணுக்கு இனியது. ஆனால் நுண்துளை மிக்கதாயின் மஞ்சளும் எண்ணெயும் அதில் ஊறிக் கறையாகத் தங்கிவிடும். மேனாட்டு உணவுக்குப் பொருந்திய பூச்சு சாம்பாருக்கும் மீன்கறிக்கும் பொருந்தாது போவது இதனால்தான். இரண்டாந்தேர்வு புளி. பூச்சு செம்மையாக உருகி இறுகாவிடின், புளிப்பு அதனை அரிக்கும். பூச்சில் ஈயம் இருப்பின் அது உணவில் கரையும். ரசமும் மோரும் எலுமிச்சை ஊறுகாயும் வைக்கப்படும் கிண்ணத்துக்கு இத்தேர்வு விலக்க முடியாதது. சூளைக்காரர் காட்டும் மாதிரியை அழகு பார்த்து ஒப்புக்கொள்ளாது, ஓர் இரவு முழுதும் மஞ்சட்குழம்பும் புளிக்கரைசலும் ஊற்றிவைத்துக் காலையில் கழுவிப் பார்ப்பவரே அறிந்து வாங்குபவர். ஈயத்தையோ கண்ணால் காண இயலாது. அதற்கு ஆய்வுக்கூடத்தின் சான்று வேண்டும்.

மரக்கறி உணவகத்தார் அறியவேண்டிய செய்தி மற்றொன்றும் உண்டு. ‘போன் சைனா’ எனப்படும் உயர்ந்த வெண்கலம், பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்தில் ஜோசயா ஸ்போடு என்பாரால் செம்மை பெற்றது. அதன் மண்ணில் ஏறத்தாழப் பாதி, மாட்டெலும்பைச் சுட்டெடுத்த சாம்பலே ஆகும். சமையலறையில் முட்டையையும் விலக்கிவிட்டுப் பரிமாறும் தட்டில் எலும்பைச் சேர்ப்பது எத்தகைய முரண் என்பதைச் சொல்லவேண்டுவதில்லை. செய்விப்போர் வடிவத்தைக் கேட்பதோடு அமையாது, மண்ணையும் கேட்டறிதல் வேண்டும்.

உணவகம் இல்லத்தினும் கடுமையான இடம். கலங்கள் நாடோறும் பலமுறை கழுவப்படும். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்படும். பரிமாறுவோர் கையில் இடிபடும். ஆதலின் வாய் மிக மெல்லிதாயின் சிதறும். அடிவளையம் சொரசொரப்பாயின் கீழுள்ள தட்டின் பூச்சைக் கீறும். ஈரக் களிமண் உலர்ந்து வெந்து முடிவதற்குள் பத்தில் ஒரு பங்குக்கு மேலும் சுருங்கும். வரைபடத்தில் உள்ள அளவே வேண்டுமாயின், வனையும்போது பெரிதாக வனைந்தாக வேண்டும். நூறு கிண்ணம் உடன் வாங்கியவர்க்கு அடுத்த ஆண்டில் பத்துக் கிண்ணம் தேவைப்படும். அதே மண்ணும் அதே பூச்சும் கிடைக்குமா என்பதை முதலிலேயே உறுதி செய்யாதவர் பின்னர் வருந்துவர்.

பிறர் கண்ட நெறி

உணவையும் கலத்தையும் ஒருவரே ஆண்டதற்கு யப்பானியர் கிதாவோஜி ரோசன்ஜின் தலைசிறந்த சான்று. 1883 முதல் 1959 வரை வாழ்ந்த இவர், தோக்கியோவில் பழங்கலைப்பொருட்கடை நடத்தியவர். 1921-இல் சுவைஞர் கழகம் ஒன்றைத் தொடங்கித் தம் கடையிலிருந்த பழங்கலங்களிலேயே உணவு படைத்தார். 1925-இல் ஹோஷிகாவோகா என்னும் பெரிய உணவகத்தை ஏற்றபோது பழங்கலங்கள் போதாவாயின. ஆதலின் கமகுராவில் தமக்கெனச் சூளை அமைத்து, உணவுக்கேற்பக் கலம் செய்யத் தொடங்கினார். உணவுக்குக் கலம் ஆடை போன்றது என்பது அவர் கொள்கை. நாட்டின் உயர்ந்த கலைப்பட்டம் தேடிவந்தபோது அதனை ஏற்க மறுத்தவர் அவர். குயவராகத் தொடங்கி உணவுக்கு வந்தவரல்லர். உணவிலிருந்து மண்ணுக்குச் சென்றவர். அவர் கலங்களின் வலிமை அங்கேயே பிறந்தது.

தமிழ்நிலத்தின் அருகிலேயே ஒரு முயற்சி உண்டு. 1971-இல் அமெரிக்கரான ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் புதுச்சேரியில் ‘கோல்டன் பிரிட்ஜ்’ மட்கலக்கூடத்தை நிறுவினர். யப்பானில் பயின்ற கைத்திறனை உள்ளூர்த் தொழிலாளர்க்குக் கற்பித்து, நாள்வழக்குக்கு உரிய கல்மண் கலங்களை அங்குச் செய்தனர். அவர்களிடம் பயின்றோர் பலர் தனிக்கூடங்கள் தொடங்கவே, புதுச்சேரியும் ஆரோவிலும் இந்தியாவில் இத்தொழிலுக்கு ஒரு நடுவிடமாயின. அயலார் கொணர்ந்த நுட்பம் தமிழ்த் தொழிலாளர் கையில் வேரூன்றியதற்கு இது சான்று. அயற்கலம் ஆகாது என்பார்க்கு இதுவே விடை. யவனர் கொணர்ந்த மதுவைப் பொற்கலத்தில் பருகிய பாண்டியனைப் புறநானூறு காட்டுகின்றது. அரிக்கமேட்டில் 1945-இல் மார்டிமர் வீலர் நடத்திய அகழ்வில் இத்தாலிய உண்கலங்கள் செய்தோர் முத்திரையுடன் கிடைத்தன. அயற்கலம் வருவதில் இழுக்கில்லை. எதற்காக வருகின்றது என்று வினவாது வாங்குவதிலேதான் இழுக்குண்டு.

மதுக்கூடக் கலம்

மதுக்கூடங்களுக்கெனச் செய்த பீங்கான் கலங்களுள் பெரும்புகழ் பெற்றவை ‘டிக்கி’ குவளைகள். 1930-களில் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் தோன்றிய ஒருவகை மதுக்கூடங்கள், பசிபிக் தீவினரின் தெய்வ உருவங்களைத் தம் அடையாளமாகக் கொண்டன. பின்னாளில் அவ்வுருவங்களையே குவளையாக வார்த்து, கடையின் பெயர் பொறித்து வழங்கின. வேலைப்பாட்டில் அவை குறைந்தவை அல்ல. தொலைவில் கண்டாலும் இன்ன கடையினது எனத் தெரியும். ஆயினும் ஒரு மக்கள் வழிபட்ட உருவம், மற்றொரு மக்களின் களியாட்டத்துக்குக் கைப்பிடியாயிற்று. கோபுரத்தையும் தெய்வ வடிவையும் கோப்பையில் பதித்தால்தான் அது தமிழ்க்கலம் ஆகும் என்று எண்ணும் உணவகத்தார்க்கு இது ஓர் எச்சரிக்கை.

பருகும் கலத்துக்கு வேண்டுவன வேறு. கண்ணாடி மதுவின் நிறத்தைக் காட்டும், பீங்கான் மறைக்கும். நிறமே இன்பமாகிய பானத்துக்குப் பீங்கான் ஆகாது. கள், மோர் போன்ற வெண்பானங்களுக்கு ஆகும். கனத்த சுவருடைய பீங்கான், சூட்டையும் தண்மையையும் நெடிது காக்கும். கோப்பிக்கடைகளின் தடித்த வெள்ளைக் கோப்பை இதனை உணர்ந்து செய்ததே. அதன் கீழ்த்தட்டில் காப்பியை ஊற்றி ஆற்றிக் குடித்த முதியோர், தமிழர் இல்லத்து தவராவின் பயனையே அங்குக் கண்டனர். தம்ளரின் வெளிமடிந்த விளிம்பு, கை சுடாது பிடிக்கவும் உதடு படாது குடிக்கவும் உதவுவது. அத்தகைய மடிந்த வாயுடைய பீங்கான் தம்ளர் ஒன்றைச் செய்விக்கும் கடை, புதுமைக்கெனத் தனியே முயலவேண்டுவதில்லை.

சொல்லும் கலமும்

இறுதியாகத் தமிழாசிரியர்க்கு உரிய ஒன்று. கலங்களுக்குத் தமிழில் சொற்பஞ்சம் இல்லை. மண்டை பாணர் ஏந்திய உண்கலம், வள்ளம் பருகும் கிண்ணம், தசும்பு கள் நிறைந்த குடம், சாடி பெரிய கொள்கலம், கடிஞை துறவியர் ஏந்துவது, வட்டில் உண்பது, குவளை முகப்பது, மிடா நிறைத்துவைப்பது. பீங்கான் அயலிலிருந்து வந்து தமிழான சொல். மங்கு தோட்டம் தந்த சொல். இவை ஒவ்வொன்றும் ஒரு வடிவத்தையும் ஒரு பயனையும் குறிக்கும். ஆயினும் தமிழ் உணவகத்துக்கெனக் கலம் செய்விக்கும் பட்டியலில் இவற்றுள் ஒன்றையேனும் காண்பது அரிது. ‘பிளேட்’, ‘பவுல்’ என்னும் இரு சொற்களுள் எல்லாம் அடங்கிவிடுகின்றன. சொல் சுருங்கும்போது வடிவமும் சுருங்கும். ரசக்கிண்ணம் என்று கேட்டவர்க்கு ரசத்துக்கு ஏற்றது கிடைக்கும். ‘சிறிய பவுல்’ என்று கேட்டவர்க்குச் சிறியது ஒன்று கிடைக்கும்.

எகிப்து நாட்டுச் செங்கடற்கரைத் துறைமுகமான குசைர் அல்காதிமில் கிடைத்த பானையோடு ஒன்றில் தமிழ்பிராமி எழுத்து உளது. ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுப் பழைமை உடைய அதனை ஆராய்ந்த ஐராவதம் மகாதேவன், உறியில் தொங்கும் பானை என்னும் பொருள்பட அதனைப் படித்தார். கடல் கடந்து சென்றவர் கலத்தை இன்னதென்றும், எங்கிருப்பதென்றும் தம் மொழியில் எழுதிவைத்தனர். மலேசியத் தமிழ்ப்பள்ளிகளில் கைவினைப் பாடமும் மொழிப்பாடமும் தனித்தனியே நடக்கின்றன. களிமண்ணைக் கையிற்கொண்ட மாணவனிடம், அவன் செய்வது குவளையா, வள்ளமா, வட்டிலா என்று ஆசிரியர் வினவுவாராயின், அவன் வாயின் அகலத்தையும் அடியின் ஆழத்தையும் எண்ணிப் பார்த்தே விடை கூற நேரும். அவ்வாறு எண்ணப் பழகியவர் நாளை உணவகம் நடத்தினும், சூளை வைப்பினும், தட்டைத் தேர்வதற்கு முன் உண்பவரின் கையைப் பார்ப்பர்.